அண்ணி எழுதிச் சேர்த்த வாரங்கள்

காலிக்கோ அட்டை போட்ட அந்தத் தொகுப்பின் நடுவில், பிளேடால் அறுத்த தாள்களின் விளிம்புகள் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றுக்கு முந்தைய பக்கத்தில், அரசியின் உணவை முதலில் ருசி பார்க்க ஒரு பணிப்பெண் கிண்ணத்தை ஏந்துகிறாள். பிந்தைய பக்கத்தில் அரசிக்கு முடிசூட்டு விழா. இடையிலிருந்தவை என் அண்ணி எழுதியவை.

எழுபதுகளில் பாகூரில் எங்கள் மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்ட, பழைய வார இதழ்கள் எடைக்கு வரும். அவற்றிலிருந்து ஒரு சரித்திரத் தொடர்கதையை அண்ணி கிழித்துச் சேர்த்தார். கிடைக்காத வாரங்களை இரவல் வாங்கிக் கையால் நகலெடுத்து பைண்டு செய்வது அன்றைய வழக்கம். சில வாரங்கள் இரவலாகக்கூடக் கிடைக்காமற்போகவே, அவற்றைத் தாமே எழுதிவிட்டார். பெயரில்லாத அந்தப் பணிப்பெண்ணுக்குச் பக்கத்து ஊரான செலியமேட்டில் ஒரு தாயையும், நஞ்சை முகர்ந்தே அறியும் மூக்கையும், கிண்ணத்தை அரசியிடமே திருப்பித் தரும் துணிச்சலையும் கொடுத்தார். தெருப் பெண்கள் அதை நகல் என்றே நம்பி, மாற்றி மாற்றிப் படித்தார்கள்.

பிறகு கதை புத்தகமாக வந்தது. அதில் அந்தப் பணிப்பெண் ஒரே வரியில் இறந்துபோகிறாள். அது அண்ணிக்கே அப்போதுதான் தெரியும். கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில் ஒருத்தி கேட்டாள்: "இன்னாக்கா, மொளகாத்தூள்ல செங்கப்பொடி கலக்கறாப்ல கதையிலயும் கலந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். "சாவாம காப்பாத்துனது தப்பாடி?" என்றார் அண்ணி.

அண்ணன் சிரிக்கவில்லை. கலப்படம் என்ற சொல் கடைவாசலில் விழுந்துவிட்டதே என்று அன்றைக்கே தாள்களை அறுத்தெடுத்தார். அண்ணி எழுதியதால் யாருக்கு என்ன கேடு என்று வாதாடினேன். "நீ படிச்சவன், பேசுவ. யாவாரம் படுத்துட்டா நீயா வந்து தூக்கி நிறுத்துவ?" என்றார். 'இது நான் எழுதியது' என்று அண்ணி குறித்திருக்க வேண்டும் என்பதும் உண்மை; குறித்திருந்தால் ஒருவரும் படிக்கத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அந்தத் தாள்கள் பருப்பும் சீரகமும் சுமந்து அதே பெண்களின் வீடுகளுக்குப் போயின.

இன்று என் மகள் கைப்பேசியில் படிக்கிறாள்: பழைய நாவல்களில் ஓரமாக வந்துபோனவர்களுக்கு யார் யாரோ புதுக் கதை எழுதுகிறார்கள், தங்கள் பெயரிலேயே. பாராட்டுகள் குவிகின்றன. பொறுக்காமல் தொகுப்பையும் வெள்ளைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். "மறுபடி எழுதுங்க அண்ணி."

அறுபட்ட விளிம்புகளை அவர் விரலால் தடவிப் பார்த்தார். "அவளத்தான் பொட்டலமா கட்டி வூடு வூடா குடுத்தாச்சே தம்பி. இனிமே இன்னாத்துக்கு?"

தாள்களைத் திருப்பி எடுத்துவந்தேன். தொகுப்பில் அவள் இன்னும் கிண்ணத்தை ஏந்தியபடி நிற்கிறாள், உண்ணவுமில்லை, மறுக்கவுமில்லை.