ஸ்பேனர் இல்லாத சவாரி

பள்ளிக்கூடத்தில் இவருக்கு வேறு பட்டப்பெயர். ஸ்பேனர் என்று ஆனது ஏழு வருஷத்துக்கு முன்பு, முதல் சைக்கிள் சவாரியில், நண்பர் பல் டாக்டரின் கழன்ற சைக்கிள் செயினை மாட்டிக் கொடுத்த நிமிஷத்திலிருந்து. வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, ஒன்றாகப் படித்த நாலு பேரும் ஆற்றை ஒட்டி மலையிலிருந்து இறங்குவார்கள். மூன்று பேர் ஆற்றைப் பார்ப்பார்கள். இவர் அவர்களுடைய சக்கரத்தைப் பார்ப்பார்.

பிழைப்பு லிஃப்ட் மெக்கானிக். பதினோரு கட்டடங்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் இவரை இடித்துக்கொண்டு ஓடுவார்கள். அது வேலை, போகட்டும். நண்பர்களும் அப்படித்தானா என்று தெரிய வேண்டியிருந்தது. அதனால் இந்தத் தடவை கருவிப் பையைச் செருப்பு அலமாரிக்கு அடியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

"பரீட்சை வைக்கப் போறீங்களாக்கும்?" என்றாள் மனைவி. "எனக்கு ரிசல்ட் இப்பவே தெரியும்."

மேலே பாறை இடுக்கில் ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. பேராசிரியர் போனைப் பார்த்துப் பார்த்துப் பள்ளத்தாக்கு உருவான விதத்தை விளக்கினார். நிமிர்ந்து பார்த்திருந்தால் பள்ளத்தாக்கே தெரிந்திருக்கும். பழத்தோட்டங்கள் வந்ததும் நிலத் தரகர் ஒவ்வொரு வளைவையும் மனை போட்டு விற்றுக்கொண்டே வந்தார். காகித ஆலையின் நாற்றம் மூக்கைத் துளைத்தபோது, "வளர்ச்சிடா!" என்றார், மூக்கைப் பொத்தியபடி. பல் டாக்டர் தலைக்கவசத்தில் கேமரா வைத்திருந்தார். ஏழு வருஷமாக அதில் பதிவானதெல்லாம் முன்னால் போகிறவரின் முதுகு.

நாணல் காட்டருகே பேராசிரியரின் பின் டயர் புஸ்ஸென்று உட்கார்ந்தது.

யாரும் பதறவில்லை. தரகர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். டாக்டர் புல்லில் மல்லாந்தார். பேராசிரியர் சைக்கிளை இவர் பக்கம் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சீக்கிரம் முடி ஸ்பேனர், வெயில் ஏறுது."

"பை கொண்டு வரலைடா."

சிரித்தார்கள். இவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"சும்மா விளையாடாதே."

"நிஜமாத்தான். உங்க யார்கிட்டயாவது பம்பு இருக்கா?"

டாக்டரிடம் கேமராவுக்கு உபரி பேட்டரி இரண்டு இருந்தது. பம்பு இல்லை. மூன்று படித்த மனிதர்கள், அறுபது கிலோமீட்டர், ஒரு பம்பு கிடையாது.

தரகர் வாயில் சாப்பாட்டோடு கேட்டார்: "பின்ன நீ எதுக்குடா வந்தே?"

கோபமே இல்லாத கேள்வி. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன் போட்டு வேன் வரவழைத்தார்கள். மூன்று சைக்கிள் ஏறியது, மூன்று பேர் ஏறினார்கள். "உன் வண்டி நல்லாத்தானே இருக்கு, நீ ஓட்டிட்டு வந்துடு," என்றார் டாக்டர், கேமராவை ஆஃப் செய்தபடி.

ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ரிப்பேர் வந்து, அதைச் சரிசெய்வதற்குள் நேரமாகி, நாணல் காட்டோடு திரும்பிவிடுவது வழக்கம். இவர் திரும்பவில்லை. ஆறு கடலில் சேரும் இடம்வரை மிதித்தார். பெரிதாக ஒன்றுமில்லை. சேறு, இரண்டு கொக்கு, ஒதுங்கிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. இந்த லட்சணத்துக்கா இத்தனை வருஷம் என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடவில்லை. சுகமாக இருந்தது.

சாயங்காலம் வாசலில் மனைவி கேட்டாள்: "பாஸா, பெயிலா?"

"பரீட்சை எழுதவே யாரும் வரலை."

"கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

கையைப் பார்த்தார். கிரீஸ் இல்லை. சவாரி முடிந்து சுத்தமான கையோடு வந்தது இதுதான் முதல் தடவை.

போன் சிணுங்கியது. நால்வரின் வாட்ஸ்அப் குழுவில் டாக்டர்: 'இன்னிக்குக் கெட்டுப் போச்சு. அடுத்த ஞாயிறு மறுபடி போறோம். ஸ்பேனர், பையை மறக்காதே.'

இவர் கம்பெனிக்கு விடுமுறை நாளில் போன் செய்தால் ஒரு பதிவுக் குரல் பேசும். அதை ஒரு எழுத்து மாறாமல் தட்டி அனுப்பினார்:

'வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சேவை கிடையாது. திங்கள் காலை ஒன்பது மணிக்குத் தொடர்புகொள்ளவும்.'