வடை வந்த நேரத்தில் வாசித்த பொருள்

பேருந்து நிலையத்தில் இருந்த பெண்கள் கழிப்பறையை இடித்தவன் நான். கடப்பாரை பிடிக்கவில்லை, ஜேசிபி ஓட்டவில்லை. வாசித்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

சங்கரன்கோவிலில் குடியிருந்துகொண்டு, டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு பேரூராட்சியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளநிலை உதவியாளர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

விதியும் நடப்பும்

மன்றக் கூட்டத்துக்கு விதிகள் உண்டு. நல்ல விதிகள். கூட்டத்துக்கு முன்கூட்டியே ஒவ்வொரு வார்டு உறுப்பினருக்கும் அஜெண்டா போய்ச் சேர வேண்டும். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உறுப்பினராவது இருக்க வேண்டும்; அதற்குக் கோரம் என்று பெயர். அஜெண்டாவில் உள்ள ஒவ்வொரு விவாதப் பொருளையும் மன்றத்தில் வாசிக்க வேண்டும். விவாதிக்க வேண்டும். உடன்படாதவர் தன் ஆட்சேபனையைப் பதிவு செய்யச் சொல்லலாம். எழுத்தர் பதிந்தாக வேண்டும்.

நடப்பது வேறு. அஜெண்டா கட்டைப் பெரும்பாலான உறுப்பினர்கள் விசிறிக்கொள்ளப் பயன்படுத்துவார்கள். உள்ளே வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. அதன் பிறகு அவர்கள் கைபேசியில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். துணைத் தலைவரின் ஒரே வேலை, ஒவ்வொரு பொருள் முடிந்ததும் மேசையைத் தட்டி "ஆல் பாஸ்" என்பது. மற்றவர்களும் தட்டுவார்கள். தலையை நிமிர்த்தாமலே தட்டப் பழகியவர்கள் உண்டு.

வாசிப்பது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் முதல் கூட்டத்தில், கல்லூரியில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கியவன் என்ற நினைப்பில் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அன்றைய தலைவர் மூன்றாவது பொருளிலேயே கையை உயர்த்திவிட்டார்.

"தம்பி, நீரு இப்படி வாசிச்சா நாங்க ராத்திரிச் சாப்பாட்டையும் இங்கனயேதான் சாப்பிடணும்" என்றார்.

மன்றமே சிரித்தது. அதன் பிறகு நான் கற்றுக்கொண்டேன். ஒரு பொருளின் முதல் மூன்று சொற்கள் தெளிவாக இருக்க வேண்டும். கடைசியில் வரும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். நடுவில் உள்ளது வாய்க்குள்ளேயே உருண்டு ஓடிவிட வேண்டும். காலப்போக்கில் இந்த வித்தையில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. பக்கத்துப் பேரூராட்சிகளிலிருந்து எழுத்தர்கள் கேட்டுப் பழக வந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் பைபிள் பாடம் வாசிப்பவனும் நான்தான். அங்கே கடைசி பெஞ்சில் காது மந்தமானவருக்கும் கேட்கும். "கோயில்ல ஒரு வாய், ஆபீஸ்ல ஒரு வாயா வச்சிருக்கீய?" என்று என் மனைவி கேட்டதுண்டு. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மேஜைப் பொருள்

அவசரம் என்றால் அஜெண்டாவில் இல்லாத ஒன்றைக் கூட்டத்தன்றே நேரடியாக வைக்கலாம். அதற்கு மேஜைப் பொருள் என்று பெயர். வெள்ளம், தொற்றுநோய் போன்றவற்றுக்காக ஏற்பட்ட வசதி. எங்கள் ஊரில் வெள்ளம் வந்ததே இல்லை. மேஜைப் பொருள் வராத கூட்டமும் இல்லை.

கடந்த தேர்தலுக்குப் பின் வந்த தலைவர், ஒரு கூட்டத்துக்கு முந்தைய நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறை இருக்கும் இடம் நல்ல இடமாம். அதில் கடைகள் கட்டலாமாம். "பயன்பாடற்ற நிலையில் உள்ள பழுதடைந்த கட்டடம்னு எழுதிருங்க சார். நம்ம ஸ்டைல்ல வாசிச்சும் விட்ருங்க" என்றார்.

அந்தக் கழிப்பறையில் கதவு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, குழாய் ஒன்று ஒழுகியது, அவ்வளவுதான் பழுது. அங்கே பூ விற்கும் பெண்கள் அனைவரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். விடியும் முன்னே வந்து இருட்டிய பின் வீட்டுக்குப் போகிறவர்கள். நான் தினமும் பஸ் ஏறும் முன் மனைவிக்குப் பிச்சிப்பூ வாங்குவது அவர்களில் ஒருத்தியான முத்துக்கனியிடம். அவள் பூக்கூடைக்கு என்னைக் காவல் வைத்துவிட்டு அந்தக் கழிப்பறைக்குப் போய் வந்திருக்கிறாள். அப்படியிருந்தும் "பயன்பாடற்ற" என்று எழுதினேன். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றாவது இருந்திருக்கும். "நம்ம ஸ்டைல்" என்று தலைவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பேருந்து நிலையம் இருந்த வார்டின் உறுப்பினர் பேச்சியம்மாள். அங்கேயே இட்லிக் கடை வைத்திருந்தவர், சுயேச்சை. கழிப்பறைக் கதவைச் சரிசெய்து தருகிறேன் என்று அவர் சொன்னதை நம்பி, பூக்காரப் பெண்கள் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு அவரை ஜெயிக்க வைத்தார்கள். கைபேசி பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே உறுப்பினரும் அவர்தான். எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

அவரைத் தாண்ட ஒரு வழி இருந்தது. கூட்டத்தில் வடையும் காபியும் எப்போது உள்ளே வர வேண்டும் என்று அலுவலக உதவியாளருக்குச் சைகை காட்டுவது நான்தான். சிக்கலான பொருளை வடை வரும் நேரத்துக்கு வைப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த முறை. அன்று சைகை காட்டினேன். தட்டுகள் சுற்றி வந்தன. யாருக்கு உளுந்த வடை, யாருக்குப் பருப்பு வடை என்ற சத்தத்துக்குள் கழிப்பறையை வாசித்து முடித்தேன். துணைத் தலைவர் வாயில் வடையோடு மேசையைத் தட்டினார்.

பேச்சியம்மாள் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "அண்ணாச்சி, இப்ப வாசிச்சது என்னது? வெளங்கல."

"பொதுவான விசயம்தாம்மா. கட்டடப் பராமரிப்பு" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னதை நம்பினார். வேகமாக வாசித்ததைக்கூட வழக்கம் என்று சொல்லி மழுப்பிவிடலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கு மழுப்பல் கிடையாது.

ஏகமனதாக

இடித்த அன்று பேச்சியம்மாள் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். முகத்தில் சுண்ணாம்புத் தூசி. தான் எப்போது சம்மதித்தேன் என்று கேட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, யாரும் ஆட்சேபிக்கவில்லை, ஆட்சேபிக்காத உறுப்பினர் ஒப்புக்கொண்டதாகவே பொருள் என்று விளக்கினேன்.

"அப்ப நான் வடை தின்னது சம்மதமா அண்ணாச்சி?"

நடைமுறைப்படி ஆமாம் என்றேன். அவர் அழவில்லை. முகத்துத் தூசியைக்கூடத் துடைக்காமல் போய்விட்டார்.

அந்தக் கோடையில் பூக்காரப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். குடித்தால் எங்கே போவது? பெட்ரோல் பங்கில் ஒருநாள் விட்டார்கள், மறுநாள் விரட்டினார்கள். முத்துக்கனிக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வந்ததும் எனக்குப் பூ அளந்துகொண்டே சொன்னாள்: "டாக்டர் நெறைய தண்ணி குடிக்கச் சொல்லுதாரு. ஒண்ணுக்கு இருக்கதுக்கு எடம் எழுதித் தரலையே." பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். பிறகு முத்துக்கனி இன்னொன்றும் சொன்னாள்: "எல்லாம் அந்தப் பேச்சியம்மா பண்ணுன வேல. ஓட்டு வாங்கிட்டு கையெழுத்துப் போட்டு எங்கள வித்துட்டா."

பூவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வாயைத் திறக்கவில்லை. பேச்சியம்மாளின் இட்லிக் கடையில் பூக்காரப் பெண்கள் யாரும் சாப்பிடுவதில்லை என்பதைப் பஸ் ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தேன். முன்பு காலையில் அங்கே நிற்க இடம் இருக்காது.

ஆலயத்து வாய்

நான் ஓய்வு பெறும் முன், கட்டி முடித்த கடைகளை வாடகைக்கு விடும் பொருள் மன்றத்துக்கு வந்தது. வழக்கம்போல மேஜைப் பொருள். தலைவர் வழக்கம்போலக் கண்ணைக் காட்டினார்.

அன்று வடைக்குச் சைகை காட்டவில்லை. எழுந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதுபோல வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே உறுப்பினர்கள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், சத்தம் வெளியிலிருந்து வருகிறதோ என்று.

"சார், தொண்டைக்கு என்ன?" என்றார் தலைவர்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு தலைவரே. போன தடவதான் சரியில்ல" என்றேன். பிறகு மன்றத்தைப் பார்த்துச் சொன்னேன்: கழிப்பறை பயன்பாட்டில் இருந்தது, பயன்பாடற்றது என்று எழுதியவன் நான், பேச்சியம்மாள் கேட்டபோது பராமரிப்பு என்று பொய் சொன்னவனும் நான்.

பேச்சியம்மாள் எழுந்து, "எனக்குச் சம்மதமில்ல. எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார். எழுதினேன். மற்ற உறுப்பினர்களும் எழுவார்கள் என்று காத்திருந்தேன். துணைத் தலைவர் மேசையைத் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

இத்தனை ஆண்டுகளாக, காதில் விழாததால்தான் இவர்கள் தட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அன்று ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. பேச்சியம்மாள் நீங்கலாக, தீர்மானம் நிறைவேறியது.

மன்ற நேரத்தை வீணடித்ததற்கு விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. அடுத்த கூட்டத்தில் முதல் பொருளே, இனி எல்லாப் பொருள்களும் வாசிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பதுதான். நான் வாசித்த கடைசித் தீர்மானம் அது. அதையும் தெளிவாகவே வாசித்தேன்.

அவர் வாசித்தார்

வாசிக்கப்பட்டதாகக் கருதலாம் என்று முடிவு செய்தார்களே தவிர, உறுப்பினர் வாசிக்கக் கூடாது என்று முடிவு செய்ய மறந்துவிட்டார்கள். அந்த ஓட்டையை நான் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, முதல் பொருளில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார். தலைவர் சிரித்தார். இரண்டாம் பொருளில் சிரிப்பு நின்றது. மூன்றாம் பொருள் தெருவிளக்குச் சாமான் வாங்கியது பற்றியது. அதிலிருந்த நீளமான கம்பெனிப் பெயரை மூன்று முறை முயன்று வாசித்தார். உறுப்பினர்கள் பசி தாங்காமல் ஒவ்வொருவராக நழுவினார்கள். கோரம் போனது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர்களின் பில் ஒன்றுகூடப் பாஸ் ஆகவில்லை. அடுத்த முறையும் அப்படியே. ஒப்பந்தக்காரர்கள் தலைவர் வீட்டு வாசலில் உட்காரத் தொடங்கினார்கள்.

கடைசியில் தலைவர் மன்றத்திலேயே கேட்டார்: "ஒனக்கு என்னதாம்மா வேணும்?"

"பொம்பளையளுக்கு ஒரு கக்கூஸு. அது வந்துட்டா நான் ஏன் வாசிக்கேன்?"

கழிப்பறை கட்ட அன்று நான் எழுதிய மேஜைப் பொருள்தான் என் பணிக்காலத்தில் உண்மையாகவே அவசரமானது.

பிறகு

கழிப்பறை கட்டி முடிந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். தலைவர் முதல் எல்லா உறுப்பினர் பெயரும் பொறித்த பளிங்குக் கல்லைப் பதித்தார்கள். திறந்து வைக்கப் பெரிய மனிதர் ஒருவரின் தேதிக்காகக் காத்திருந்தார்கள். தேதி கிடைக்கும் வரை பூட்டியிருந்தது. ஒருநாள் காலையில் பூக்காரப் பெண்கள் எடைக்கல்லால் பூட்டை உடைத்துவிட்டார்கள். போலீசுக்குப் போகலாமா என்று மன்றத்தில் யோசித்திருக்கிறார்கள். யார் உடைத்தது என்று பேச்சியம்மாளைக் கேட்டபோது, அதையும் வாசிக்கட்டுமா என்றிருக்கிறார். விட்டுவிட்டார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கேட்கும்படி வாசியுங்கள். கேட்டுவிட்டும் அவர்கள் மேசையைத் தட்டலாம். அப்போது அது அவர்கள் செய்த காரியமாக இருக்கும், நீங்கள் செய்ததாக இருக்காது. கேட்பதற்கென்று ஒருவர் மட்டும் இருந்தாலும் அவரிடம் பொய் சொல்லாதீர்கள்.

பேச்சியம்மாளிடம் கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். கூட்டம் நிறைந்திருந்தது. "அதான் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டியளே. இட்லி சாப்பிடுங்க" என்றார். முத்துக்கனியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஒருநாள் இதற்காகவே சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறிப் போய், அவள் கூடைக்கு முன்னால் நின்று, அன்று வாசித்தது நான்தான், பேச்சியம்மாள் இல்லை என்றேன்.

அவள் பூத் தொடுப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். அவளே சொன்னா" என்றாள். "ஒரு கோடை முழுக்க அவளத் திட்டிட்டு, உம்மகிட்டல்லா சிரிச்சுப் பேசிட்டு இருந்திருக்கேன்."

கையிலிருந்த சரத்தை முடித்துவிட்டு, பூவை அளந்து, இலையில் வைத்துக் கட்டி நீட்டினாள். காசை வாங்கிக்கொண்டாள். எப்போதும் கொசுறாகத் தரும் ஒரு கண்ணிப் பூவை அன்று வைக்கவில்லை. இப்போதும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளிடம்தான் வாங்குகிறேன்; இன்றுவரை வைப்பதில்லை. நானும் கேட்பதில்லை.