நீலக்கா போடும் கோடு

"கொஞ்சம் நகருங்க சார், உங்க தோள்ல கடல் வருது."

சலூன் சுவரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விலகினார். அவர் நின்ற இடத்தில் டேப்பைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து நாலரை அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார் நீலக்கா. இரண்டு கை நீளம் தள்ளி இன்னொரு புள்ளி. நூல் பிடித்து, ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு நாலு விரல் அகலத்துக்கு நீலப் பெயின்ட்டை இழுத்தார்.

"இவ்வளவு ஒசரமா வரும்?" என்றார் பேப்பர்காரர்.

"வந்தா இவ்வளவு. வராட்டி சந்தோஷம்."

மாநகராட்சியில் இருபத்தாறு வருட வேலை. முதலில் சாலைகளுக்கு வெள்ளைக்கோடு போட்டார். இப்போது மூன்று வருடமாகச் சுவர்களுக்கு நீலக்கோடு. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

இந்த நகரத்தைப் பெரும்புயல் ஒன்று நேராகத் தாக்கியதை உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை. தாக்கினால் என்ன ஆகும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். கடல் துறைமுகச் சுவரைத் தாண்டும், கால்வாய் வழியாக உள்ளே புகும், மூன்று மணி நேரத்தில் பாதி ஊர் தண்ணீரில் நிற்கும், பாலங்கள் துண்டிக்கப்படும், வாரக்கணக்கில் மின்சாரம் இருக்காது. இதையெல்லாம் அழகாக வரைபடமாக அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு அதை விரிச்சு அது மேல சட்டைக்கு இஸ்திரி போட்டாரு," என்கிறார் நீலக்கா. "மேப்பை யாரு பாக்கறா? செவுத்தைப் பாக்காம வீட்டுக்குள்ள நுழைய முடியாதில்ல? அதான் செவுத்துல."

உயரங்கள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. தெருவாரியாகப் பட்டியல் ஒன்று பைக்குள் இருக்கிறது. ஆனால் பட்டியல் அவர் கண்ணுக்குள் குடியேறிவிட்டது. சினிமாவுக்குப் போனால் பால்கனி டிக்கெட்தான். உறவினர் கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தி இறங்கும்போதே, "ஸ்டேஜு தப்பிச்சுக்கும், பந்திதான் போயிடும்," என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவார். மதியச் சாப்பாட்டை ஏதாவதொரு மாடிப்படியில் ஏறி உட்கார்ந்துதான் பிரிக்கிறார். சில நாள் அவரோடு கூடவே நடந்தபோது, ஏன் என்று கேட்டேன். "கோட்டுக்குக் கீழ சோறு எறங்க மாட்டேங்குது."

திட்டு வாங்குவதும் வேலையில் சேர்த்திதான். வீட்டைப் பார்க்க வருகிறவன் கோட்டைப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறான் என்று சண்டைக்கு வருவார்கள். அபசகுனம் என்பார்கள். ஒருவர், கொஞ்சம் கீழே இறக்கிப் போடும்படி கெஞ்சியிருக்கிறார். "நான் எறக்கிடுவேன் ஐயா, கடல் எறங்குமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று பதில் வந்ததாம். எதையும் வீட்டுக்குச் சுமந்து போகிற ஆள் இல்லை.

தம்பி விஷயம் மட்டும் வேறு. அதைச் சொல்லும்போது குரல் இறங்குகிறது.

கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் தம்பிக்கு மோட்டார் ரிப்பேர் கடை. கடைக்குப் பின்னால் வீடு. பின்னறைக் கட்டிலில், இடுப்பு முறிந்து எழுந்து நடக்க முடியாத அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பட்டியலில் அந்தத் தெருவின் உயரம் ஏழடி. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். "ஊரு செவுத்துக்கெல்லாம் போட்டுட்டு நம்ம வீட்டை விட்டா, என் மூஞ்சியில பெயின்ட் அடிச்சுடுவாங்க" என்று தானே போனார்.

தம்பி வாசலிலேயே மறித்தான். "ஏங்க்கா, உனக்கு வேற செவுரே கெடைக்கலையா?"

போட்டுவிட்டு வந்தார். மறுநாள் தம்பி சுண்ணாம்பு அடித்து மறைத்தான். மறுபடி போட்டார். மறுபடி மறைத்தான். மூன்றாம் முறை இவர் டின்னைத் திறந்தபோது தம்பி மனைவி வெளியே வந்தாள்.

"அண்ணி, வீட்டு வெலை கொறையும்னு அவரு பண்ணல. மாமா ரூமு செவுரு இது. கோட்டைப் பாத்ததிலேர்ந்து உங்க தம்பி தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கறாரு."

நீலக்கா தம்பியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அப்பா கட்டிலு ரெண்டடி. உன் கோடு ஏழடி. நடுவுல இருக்கற அஞ்சடிக்கு நான் எங்க போவேன்?"

"மாடியில ஒரு ரூம் இருக்கே."

"பழைய மோட்டாரா அடைச்சுக் கெடக்கு."

"மோட்டாரைக் கீழ எறக்கு. அது நனைஞ்சா அழாது."

அவன் சிரிக்கவில்லை. இவரும் கோட்டைப் போடாமல் வரவில்லை. அதோடு நான்கு மாதம் பேச்சு இல்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டான்.

அந்த மழைக்காலத்தில்தான் பெரும்புயல் ஒன்று நேராக நகரத்தை நோக்கி வருவதாக அறிவித்தார்கள். காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகச் சுற்றினார் நீலக்கா. தாழ்வான தெருக்கள் மூட்டை முடிச்சோடு காலியாகிக்கொண்டிருந்தன. மதியம் ஒரு மணிக்குத் தம்பி தெருவுக்கு வந்தார். கடை பூட்டியிருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாக ஓடிப் பின்னறை ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அப்பா இல்லை. கட்டிலும் இல்லை.

"ஒத்தைக் கையால ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

மேலேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "கீழ யாரைத் தேடற? நான் இங்க இருக்கேன்."

பழைய மோட்டார்கள் எல்லாம் படிக்கட்டுக்குக் கீழே குவிந்து கிடந்தன. மாடி அறையில் தம்பி சட்டை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தான். அப்பாவை நாற்காலியோடு துணி வைத்துக் கட்டி, பக்கத்து வீட்டுக்காரர் ஒருபுறம் பிடிக்க, பதினெட்டுப் படி ஏற்றியிருந்தார்கள்.

"ஆறு நிமிஷம்க்கா," என்றான். "முந்தாநாளு வெறும் நாற்காலியில அரிசி மூட்டைய வச்சு ஏத்திப் பாத்தோம். உன்கிட்ட சொல்லல."

"எதுக்குச் சொல்லணும்," என்று அவன் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாராம். இதைச் சொல்லும்போது நீலக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் புயல் மனம் மாறி, ஆள் இல்லாத கடல் பக்கம் திரும்பிவிட்டது. தெருவில் கணுக்காலளவு மழைத்தண்ணீர், அவ்வளவுதான். மறுநாள் ஊரெல்லாம் கேலி. "என்ன நீலக்கா, உங்க கடலு பஸ்ஸை விட்டுடுச்சா?"

"அடுத்த பஸ்ஸையும் விடட்டும் சாமி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தம்பி அப்பாவைக் கீழே இறக்கப் போனபோது அவர் கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார். மாடி ஜன்னலில் துறைமுகம் தெரிகிறது. "ஏழு வருஷமா செவுத்தையே பாத்தாச்சு. போதும்டா." இப்போதும் மாடியில்தான். நான் போனபோது ஜன்னலருகே தலையணை வைத்துச் சாய்ந்தபடி, ஒரு மைல் தூரத்திலிருக்கும் கிரேன் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "என்னமா ஆட்டறான் பாரு! எவன்டா இவனுக்கு வேலை குடுத்தவன்?" மூன்று வேளையும் சாப்பாட்டோடு படியேறும் தம்பிக்குத்தான் முழங்கால் வலி. "எல்லாம் எங்கக்கா குடுத்த சீரு," என்று புலம்பிக்கொண்டே எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான்.

நான் அவரோடு நடந்த கடைசி நாள், ஒரு நர்சரிப் பள்ளி. பட்டியலில் மூன்றே முக்கால் அடி. எனக்கு இடுப்புக்கு மேல் ஒரு சாண். பிள்ளைகள் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கோடு கதவருகே வந்தபோது, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு வாண்டு ஓடிவந்து சுவரில் முதுகை ஒட்டி நின்று, கையைத் தலைக்கு மேல் வைத்து அளந்து பார்த்தது.

"எனக்கு மேல போகுது. நான் எங்க போவேன்?"

நீலக்கா தூரிகையை டின்னின் மேல் குறுக்காக வைத்தார். ஈரக்கோடு பாதியில் நின்றது. கையைப் பழந்துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் குழந்தைக்கு முதுகைக் காட்டி, மாடிப்படியைப் பார்த்தபடி, தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"ஏறிக்கோ."