வாசலில் கிடந்த இருபத்திரண்டு மோட்டார்

ரவிக்குமாருக்கு வயிற்றெரிச்சல் பிடிக்கிற இடம் கிணத்துக்கடவு. உக்கடத்தில் பஸ் ஏறும்போது நல்ல மனுஷனாகத்தான் ஏறுவான். கிணத்துக்கடவு மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோட்டில் பஸ் திரும்பியதும் கழுத்து தானாக ஜன்னல் பக்கம் போய்விடும். அங்கேதான் புகைந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டித்தரும் மோகன்குமாரின் கடை இருந்தது.

மாமனார் வீடு பொள்ளாச்சியில் என்பதால் மாதம் இரண்டு தடவையாவது அந்த வழி போயாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடை வாசலில் கிடக்கிற போர்வெல் மோட்டார்களை எண்ணுவான். ஆடியில் பதினான்கு கிடந்தது. புரட்டாசியில் பதினெட்டு. ஐப்பசியில் இருபத்திரண்டு.

"ஒரு மோட்டாருக்குக் கூலி மட்டும் நாலாயிரம், அம்மணி. இருபத்திரெண்டுக்கு எம்பத்தெட்டாயிரம். அதும் பதினஞ்சு நாளைக்கு! மாசத்துக்கு ஒண்ணே முக்கா லட்சம் வருதுல்ல?" என்று பஸ்ஸிலேயே கணக்குப் போடுவான்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அன்புச்செல்வி, "ஏனுங்க, பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க. மெல்லப் பேசுங்க" என்பாள். கல்யாணமான புதிதில் இந்த மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

ரவியும் மோகனும் ஒரே நாளில் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் காயில் கட்டும் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஆனால் இருவர் கைவாகும் ஒன்றில்லை. ரவி இடதுகைக்காரன், காயில் கட்டி முடித்து நூலால் இறுக்கும்போது அவன் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்து, நுனி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். சூப்பர்வைசரே மோகனிடம், "ரவி கட்டறதப் பாத்துக் கத்துக்கப்பா" என்று சொன்னதுண்டு. அந்த மோகன் ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டுக் கிணத்துக்கடவில் கடை போட்டான். கத்துக்கிட்டவன் முதலாளி, கத்துக்கொடுத்தவன் கூலி. இதை நினைத்தால் ரவிக்குச் சாப்பிட்டது செரிக்காது.

மோகன் பழைய கார் ஒன்று வாங்கியபோது ரவி இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. மோகன் மகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தபோது, "கொழுப்பு" என்றான். தன் சம்பளச் சீட்டைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. பி.எஃப்., அது இது என்று பிடித்தது போகக் கையில் இருபத்துநாலாயிரத்து எழுநூறு. இருபது வருஷ சர்வீஸுக்கு!

கார்த்திகை பிறந்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கடை போட இடமும் பார்த்துவிட்டான். எங்கே தெரியுமா? கோயமுத்தூர் ஜில்லாவில் வேறு இடமே இல்லாததுபோல, மோகன் கடைக்கு நேர் எதிர்க்கடை! அட்வான்ஸுக்குப் பணம் இல்லை. அன்புச்செல்வியின் ஏழு பவுன் ஆரம்தான் இருந்தது. அதை அடகு வைத்தால் அட்வான்ஸ் ஆச்சு. திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்தால் வேலையும் முடிந்தது.

அன்புச்செல்வி மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கொண்டு போங்க. ஆறு வருசமா மோகன், மோகன்னு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. இதுக்கு மேல அந்தப் பேரு இந்த ஊட்டுல கேக்கக்கூடாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த ஆரம் எங்கப்பா கடலைக்காட்டுல ராப்பகலாக் கெடந்து போட்டது. போனா எனக்கு வேற கெடையாதுங்க."

அடகுக்கடைக்கு நேராகப் போயிருக்கலாம். ஆனால் விஷயத்தைச் சொல்லும்போது மோகனின் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்காமல் எப்படி? அதற்காகவே முதலில் மோகன் கடையில் போய் இறங்கினான்.

"வாடா, வாடா! என்னடா அதிசயமா இருக்குது" என்று மோகன் எழுந்து வந்தான். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தான். ரவி அதை எங்கே பார்த்தான்? வாசலில் கிடந்த மோட்டார்களைத்தான் பார்த்தான். இருபத்திரண்டும் இருந்தன. இத்தனை கிட்டத்தில் நின்று எண்ணுவது இதுதான் முதல் தடவை.

"வேலை ஏகப்பட்டது கெடக்குது போல" என்றான், குரலில் எதுவும் தெரியாதபடி.

"எங்கடா வேலை?"

"இதெல்லாம் என்ன?"

"அட, இதெல்லாம் கட்டி முடிச்சதுடா! கட்ட வேண்டியத எவனாவது வாசல்ல போடுவானா? வந்ததும் உள்ள தூக்கிட்டுப் போயிப் பிரிக்க மாட்டானா? நாலு மாசமா மழை. கெணறு, போரு எல்லாம் ரொம்பிப்போச்சு. போன் போட்டா, 'இப்ப மோட்டாருக்கு என்னங்க அவசரம், தை மாசம் வந்து எடுத்துக்கறேன்'ங்கறாங்க. கம்பியெல்லாம் நான் காசு குடுத்து வாங்கிப் போட்டது."

ரவி குனிந்து பார்த்தான். ஒரு மோட்டாரில் ஆடி மாசத் தேதி எழுதிய சீட்டு தொங்கியது. இன்னொன்றின் வாயில் குளவி மண்கூடு கட்டிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. கம்பெனியில் வாசல் கேட் பக்கம் குவிந்து கிடப்பது கட்ட வேண்டிய மோட்டார். கட்டி முடித்தது அன்று சாயங்காலமே லாரி ஏறிவிடும். இருபது வருஷம் அதையே பார்த்த கண், இங்கேயும் அப்படியே எண்ணியிருக்கிறது. எண்ணிக்கை ஏற ஏற மோகன் கொழிக்கிறான் என்று இவன் பொசுங்கிக்கொண்டிருந்தான். ஏற ஏற அங்கே அவன் முழுகிக்கொண்டிருந்தான்.

"வெயில் காலத்துல அறுவது, எழுவதாயிரங்கூடப் பாப்பேன்டா. மழைக்காலத்துல வாடகை போகப் பத்தாயிரம் தேறாது. வருசத்துக்குச் சேத்துப் பாத்தா உஞ்சம்பளத்தவிட மாசம் ரெண்டு, மூணாயிரம் சாஸ்தி வரும், அவ்வளவுதான். அதுக்கு ஞாயித்துக்கெழமையும் இல்ல, காச்சல்னாலும் லீவு இல்ல" என்றான் மோகன்.

ஐயோ பாவம் என்று ரவி நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. வயிறு ஐஸ் வைத்ததுபோல் குளிர்ந்தது. ஆறு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்ததே இல்லை. டீ சொல்லட்டுமா என்று மோகன் கேட்டதற்கு, "கூட ரெண்டு வடையும் சொல்லு" என்றான்.

வடையைப் பாதி தின்பதற்குள் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. இறங்கியவர் காளிச்சாமி, பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற பெரியவர். ஐயாயிரம் கோழிக்குத் தண்ணி வேண்டும், மழையாவது வெயிலாவது.

"மோகனு, மோட்டாரு பொகஞ்சுபோச்சு. வர்ற வழியில ரெண்டு கடை தொறந்துதான் இருந்துச்சு. நான் நிப்பாட்டலயே! உங்கையில குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

ரவி கடிக்கப் போன வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டான். குளிர்ந்த வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது. காசில் மோகன் பெரிதாக ஒன்றும் எட்டிவிடவில்லை, சரி. ஆனால் இந்த மாதிரி ஒரு வார்த்தை? இருபது வருஷமாகக் கட்டுகிறான், ஒருத்தராவது ரவி கைதான் வேண்டும் என்று கேட்டதுண்டா? அவன் கட்டிய மோட்டார் கம்பெனிப் பேரோடு லாரி ஏறிப் போகும். எந்தக் காட்டில் ஓடுகிறது என்றுகூடத் தெரியாது. இதற்கு மோகன் அந்த ஒண்ணே முக்கால் லட்சத்தைச் சம்பாதித்திருந்தாலே தேவலை என்று பட்டது.

மோகன் மோட்டாரைப் பிரித்தான். கணபதி கம்பெனியின் மோட்டார்தான். காயில் ஒரு பக்கம் கருகியிருந்தது, மறுபக்கம் கட்டியது கட்டியபடி இருந்தது. விரலால் நூலைத் தடவிப் பார்த்தவன் ரவியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"ஏனுங்க, இந்த மோட்டாரு எப்ப வாங்குனீங்க?"

"ஒம்பது வருசம் இருக்கும். ஒரு நாள் நின்னதில்ல. கட்டுனவன் கையக் கண்ணுல ஒத்திக்கலாம்."

"ஒத்திக்குங்க. இங்கதான் உக்காந்து வடை தின்னுட்டு இருக்கறான்! முடிச்சு இப்படிச் சாஞ்சிருக்குது பாருங்க. எங்க கம்பெனில எடதுகைக்காரன் இவன் ஒருத்தன்தான்."

காளிச்சாமி ரவியை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீங்களா? ஒம்பது வருசங்க! நல்லா இருப்பீங்க" என்றவர், பண்ணை நடத்துகிறவர் அல்லவா, அடுத்து அதைத்தான் கேட்டார். "ஆமா, ஒரு மோட்டாரு கட்டுனா கம்பெனியில உங்களுக்கு என்னங்க குடுப்பாங்க?"

ஊரான் வருமானத்தை ஆறு வருஷம் பெருக்கிப் பார்த்தவன், தன்னுடையதை ஒரு தடவைகூட வகுத்துப் பார்த்ததில்லை. மாதம் இருபத்தாறு நாள், ஒரு நாளைக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது, கட்டுவது ஐந்து. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. "நூத்தித் தொண்ணூறுங்ணா."

"நூத்தித் தொண்ணூறா? ஒம்பது வருசம் ஓடுனதுக்கா?"

காளிச்சாமி மடியிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து ரவியின் சட்டைப் பையில் செருகினார். "வேண்டாமுங்ணா, வேண்டாமுங்க" என்று அவன் கையைப் பிடித்ததை அவர் காதில் வாங்கவே இல்லை. "மனசுக்குக் குடுக்கறனுங்க, வெச்சுக்குங்க. மோகனு, நாளைக்கு மத்தியானம் வாரேன். கூலியக் கொறச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு டெம்போவில் ஏறிப் போனார்.

மோகன் சிரிப்பை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஆறு வருசம்டா. எங்கிட்டப் பேரம் பேசாம ஒரு ரூவா குடுத்ததில்ல அந்த மனுசன்" என்றான். பார்வை ரவியின் சட்டைப் பையிலேயே இருந்தது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண் இடுங்கி ஒரு மாதிரியாக இருந்தது அந்த மூஞ்சி. ரவிக்கு அதைத் தெரியும். கிணத்துக்கடவு வரும்போதெல்லாம் பஸ் ஜன்னல் கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.

எதிர்க்கடையைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. அடகுக்கடைக்கும் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைக்குட்டையை அன்புச்செல்வி கையில் வைத்தான்.

அவள் பிரித்துப் பார்த்துவிட்டு ஆரத்தை உடனே கழுத்தில் போட்டுக்கொண்டாள். "ஏனுங்க, மோகனண்ணன் எப்படி இருக்கறாங்க?"

"பாவம்" என்றான் ரவி. சொல்லும்போது அவன் முகம் அத்தனை மலர்ந்திருந்ததைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். ஐந்நூறு ரூபாய் நோட்டைச் செலவு பண்ணவில்லை. கம்பெனி அடையாள அட்டை உறைக்குள், போட்டோவுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தான். பத்து மணி டீக்கு வெளியே வந்தபோது போன் அடித்தது. மோகன்.

"சும்மாதான்டா கூப்புட்டேன். ஆமா, ஒரு நாளைக்கு எத்தனை மோட்டாருடா கட்டறே?"

"அஞ்சு."

"இருவது வருசமாவா?"

"ஆமா. எதுக்குடா?"

மோகன் போனை வைக்காமல் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். கணக்குப் போடுகிறான் என்று ரவிக்குத் தெரிந்தது. போட்டு முடிக்கட்டும் என்று டீயை நிதானமாக உறிஞ்சினான்.