சட்டைப் பையில் திருநீறு

மலேசியாவில், கிள்ளான் தொழிற்சாலையில் நாங்கள் மெருகேற்றுவது கட்டைவிரல் உயரமுள்ள இரும்புத் துண்டுகளை. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் லென்ஸாக வேலை செய்வது அதுதான். அதன் நடுத் துளைக்குள் ஒரு கீறல் விழுந்தால் போதும், படம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரியும். மெருகுத் துணியில் ஒரு துகள் ஒட்டினாலே கீறிவிடும். அதனால் மெருகு அறைக்குள் போகும் முன் எல்லாரும் முகம் கழுவ வேண்டும். பவுடர், திருநீறு, குங்குமம் எதுவும் கூடாது.

பக்கத்து மேசைக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், என்னைவிட மூத்தவர். இந்த வேலை தெரியும் என்பதால்தான் அவருக்கு வேலை பெர்மிட்டே கிடைத்தது. ஊரில் அவருடைய இரண்டு பெண்கள் கல்லூரியில் படித்தார்கள். தினமும் நெற்றி நிறையப் பட்டையோடு வந்து, குழாயடியில் கழுவிவிட்டு உள்ளே போவார். சாமியை சிங்க்கில் கரைக்கிறார் என்று நான் கிண்டல் செய்வேன்.

என் மகளுக்குப் பரீட்சை தொடங்குவதற்கு முதல் நாள், பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வந்தேன். நெற்றியைக் கழுவினேன். ஆனால் அவளுக்காக மடித்து வாங்கிய திருநீற்றுப் பொட்டலம் சட்டைப் பையில், மூக்குக்கண்ணாடியோடு கிடந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், அவர் வேலை எப்படி வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, அவர் மேசைக்கு மேலேயே உதறி மாட்டிக்கொண்டேன்.

மாலையில் அவர் மெருகேற்றிய துண்டின் துளைக்குள் கீறல் தெரிந்தது. சூப்பர்வைசர் அக்கா அவருடைய மெருகுத் துணியைத் தடவி, விரலை முகர்ந்தார்.

"இது திருநீறு லா, அண்ணே. நல்லா கழுவிட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

அவர் தலை குனிந்தார். என் கை பைக்குள் போனது. பொட்டலம் பிரிந்து பாதி காலியாக இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். நான் கோழை, திறக்கவில்லை. மீதித் திருநீற்றைப் பூசிக்கொண்டு மகள் மறுநாள் பரீட்சைக்குப் போனாள்.

அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பேக்கிங் செய்ய வெளிநாட்டு ஆள் எதற்கு என்று, பெர்மிட் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் என்னைப் பார்க்க வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. அந்த நாளிலிருந்து திருநீறு பூசுவதையே விட்டுவிட்டாராம்.

"அன்னைக்கு நான் சரியா கழுவல போலிருக்கு, தம்பி. அந்தத் துண்ட நீங்கதான் மறுபடி முதல்லேருந்து தேச்சீங்க. என்னால உங்களுக்கு ரெண்டு நாள் வேலை. மன்னிச்சுக்குங்க."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவால்ல லா, அண்ணே" என்றேன்.