எனக்கு முன்னால் கேட்டவள்

புதுப்பாட்டு எது வந்தாலும் நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நல்ல குணமா கெட்ட குணமா தெரியாது, பசியைப் போல அது எனக்கு. சினிமாப் பாட்டைச் சொல்லவில்லை. அது எப்படியும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் எல்லார் காதிலும் விழுந்துவிடும். நான் சொல்வது படம் எதுவும் இல்லாமல் தனியாக வருகிற சிங்கிள்களை. எங்கோ ஒரு மாடி அறையில் நாலு பேர் கிடாரும் டிரம்ஸுமாக உட்கார்ந்து செய்து இணையத்தில் விடுவார்கள். ஊர் உலகத்துக்குத் தெரிவதற்குள் அதைக் கேட்டுவிட்டு, பிறகு ஊர் அதைக் கண்டுபிடிக்கும்போது ஒன்றும் சொல்லாமல் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்காகவே பல இரைச்சல்களைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன்.

ஜவ்வாது மலை மேலே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு ரத்தப் பரிசோதனை வேலை. வீடு அடிவாரத்தில், ஆலங்காயத்தில். காலையில் ஸ்கூட்டரில் மலை ஏறி சாயங்காலம் இறங்கிவிடுவேன். என் அறைக்குப் பக்கத்து ஜன்னலில் மருந்து கொடுத்தவள்தான் என் தோழி. என் வயதுதான். மலைக்காரப் பெண். அவள் வீட்டில் சாமை போடுவார்கள், புளியமரங்கள் உண்டு. படித்து ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தாள். குரலை உயர்த்தாமலே ஜன்னலுக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாள். வராண்டாவின் கடைசியில் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட எழுந்து வருவார். அந்தக் குரலை நான் தினமும் கேட்டேன். அதில் ஏதாவது இருக்கிறதென்று எனக்குத் தோன்றவே இல்லை.

கட்டடத்துக்குள் சிக்னல் கிடைக்காது. பின்னால் தண்ணீர்த் தொட்டி பக்கம் போனால் கிடைக்கும். புதுசு பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வரும். சாப்பாட்டு வேளையில் டப்பாவை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போவோம். இயர்போனில் ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு.

"இன்னாடி இது, இந்தக் கத்து கத்துறான்?" என்றாள் முதல் நாள்.

"கத்தல. அது ராக். கடைசி வரைக்கும் கேளு."

கடைசி வரைக்கும் கேட்டாள். மறுவாரம் அவளே கேட்டாள், "அந்தக் கத்துறவன் புச்சா ஏதாவது போட்டானா?"

எனக்கு அதில் பெருமை. ஒருத்தியின் காதை நானே திறந்து வைத்த மாதிரி. எந்தப் பாட்டில் எங்கே பேஸ் கிடார் நுழைகிறது, எங்கே டிரம்ஸ் நின்று தனிக்குரல் வருகிறது என்றெல்லாம் நான் சொல்ல, அவள் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டுவாள்.

வேலூர்க்காரர்களின் இசைக்குழுவைக் கண்டுபிடித்ததும் நான்தான். மூன்று பேர். கிடார்க்காரனே பாடுவான். குரல் கொஞ்சம் கரகரப்பு. எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே பாடினான். "வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன்" என்று ஒரு ராக் பாட்டு தொடங்கியதை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அவர்களுடைய முதல் சிங்கிளை ஒரு கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் கேட்டிருந்தார்கள். அதில் நான் ஒருத்தி.

அவர்கள் வேலூரில் ஒரு காபிக் கடையின் மொட்டை மாடியில் ஞாயிறு மதியம் பாடப்போகிறார்கள் என்று பார்த்ததும் இவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அமிர்தி காட்டு வழியாக இறங்கி, கணியம்பாடியில் டீ குடித்துவிட்டுப் போனோம். அவள் வரவே தயங்கினாள். "நமக்கெதுக்குடி அதெல்லாம், போன்லயே கேக்கலாமே" என்றாள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இதை நான் பலரிடமும் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

மாடியில் தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். டிரம்ஸ் அடித்தபோது நெஞ்செலும்பில் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. போனில் கேட்கும் பாட்டுக்கு உடம்பு கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசிப் பாட்டில் பல்லவி வந்ததும் பாடகன் மைக்கைக் கூட்டத்துக்குள் நீட்டினான். முதலில் என் முகத்துக்கு நேராக வந்தது. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மைக் நகர்ந்து அவளிடம் போயிற்று.

அவள் பாடினாள். பேர் கூப்பிடும் அதே குரல்தான், இழுத்துப் பாடினாள், அவ்வளவுதான். டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கியபடி நிறுத்திவிட்டான். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தவள் நான்.

முடிந்ததும் பாடகன் நேராக எங்களிடம் வந்தான்.

"நீங்க எங்கங்க பாடறீங்க?"

"எங்கயும் இல்லீங்க," என்றாள். "மாத்திரை குடுக்கறேன்."

அவன் சிரித்தான். நான் குறுக்கே புகுந்தேன். "நான்தான் இவளக் கூட்டிட்டு வந்தேன். உங்க முதல் பாட்டுலேர்ந்தே கேக்கறேன்."

"தேங்க்ஸ்ங்க," என்று சொல்லிவிட்டு அவள் பக்கமே திரும்பிக்கொண்டான்.

அந்த "தேங்க்ஸ்ங்க" கணியம்பாடி தாண்டி, அமிர்தி தாண்டி, மலை ஏறும் வரைக்கும் என் காதில் இருந்தது. பின்னால் உட்கார்ந்து அவள் பாடிக்கொண்டே வந்தாள். வளைவுகளில் நான் வேண்டுமென்றே ஹாரன் அடித்தேன்.

அதன் பிறகு அந்தக் குழு கூப்பிட, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பஸ் ஏறி வேலூர் போக ஆரம்பித்தாள். திங்கட்கிழமை வந்து கதை சொல்வாள். பாடும் அறையின் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டியிருக்கிறார்களாம். டிரம்ஸ்காரன் பிரியாணிக் கடை முதலாளியின் மகனாம். நான் "ம்" கொட்டிக்கொண்டு கண்ணாடித் தகட்டில் ரத்தத் துளியைப் பரப்பிக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர்களின் புதுப்பாட்டு வந்தது. அதை ஓடவிடாமல் அவளுக்காக வைத்திருந்து தொட்டியடிக்குக் கொண்டுபோனேன். இயர்போனை நீட்டினேன்.

"நீ கேளுடி, நான் போன மாசமே கேட்டுட்டேன்," என்றாள் சாதாரணமாக. "அதுல பின்னாடி பாடறது நான்தான்."

இரண்டு காதிலும் நானே மாட்டிக்கொண்டு கேட்டேன். பல்லவி இரண்டாம் முறை வரும்போது பாடகனின் குரலுக்கு அடியிலிருந்து அவள் குரல் மெதுவாக மேலே வந்தது. பாட்டு நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அன்றைய சோறு இறங்கியிருக்கும்.

"எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குது."

"அவ்ளோதானா?"

"நல்லா இருக்குதுன்னு சொன்னேன் இல்ல?"

எனக்கு வலித்தது அவள் பாடியதுகூட இல்லை. எனக்குப் புதுசாக இருப்பது அவளுக்கு ஒரு மாதப் பழசு. நான் காத்திருந்து, தேடி, முதல் ஆளாக ஓடிப்போய் நிற்கும் இடத்தில் அவள் ஏற்கெனவே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்துக்கு வழி காட்டியதே நான்.

அந்த நாட்களில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் பாடிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள், "இன்னாம்மா, தொண்ட கட்டிக்கிச்சா? மெளகு ரசம் வைக்கட்டா?" அத்தோடு நிறுத்திவிட்டேன். ரசம் மட்டும் வந்தது.

வேலையிடத்திலும் நிம்மதி இல்லை. ரத்தம் கொடுக்கக் கை நீட்டும் அம்மாக்கள் என்னிடமே கேட்பார்கள்: "பாட்டுப் பாடற பொண்ணு இன்னிக்கு வந்திருக்குதா? அது கையால மாத்திர வாங்கணும்." ஊசி குத்தும்போது என் கை இலகுவாகத்தான் இருந்தது, அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் "அங்கதான் இருப்பா" என்று நான் சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஒருநாள் அவள் என் போனுக்கு ஒரு பாட்டை அனுப்பினாள். இன்னும் வெளிவராதது. இந்தத் தடவை முழுப் பாட்டையும் அவளே பாடியிருந்தாள். "உன் காதுதான் எனக்கு நம்பிக்கை. மறைக்காம சொல்லு" என்று எழுதியிருந்தாள்.

பல நாள் அதை விட்டு விட்டுக் கேட்டேன். ஸ்கூட்டரில், அறையில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது. இரண்டாவது சரணம் எனக்கு உறுத்தியது. மலையிறங்கும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. வரிகள் அழகுதான், ஆனால் அதுவரை ஓடி வந்த பாட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் மருந்து ஜன்னலில் நின்று சொன்னேன். "ரெண்டாவது சரணம் வேணாம்டி. பாட்டு அங்க உக்காந்துடுது. எடுத்துடு."

அவள் கொஞ்ச நேரம் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். "சரி," என்றாள்.

சொன்னது என் காதா, வயிற்றெரிச்சலா? அன்றைக்கு அதைப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. ரத்தத்தில் எது என்னவென்று பிரிக்க என் அறையில் கருவி இருக்கிறது. இதற்கு இல்லை.

சரணத்தை எடுத்துவிட்டுத்தான் பாட்டு வந்தது. வந்த வேகத்தில் பற்றிக்கொண்டது. ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடையில் ஓடியது, வாணியம்பாடி ஆட்டோக்களில் ஓடியது, என் அம்மா அதை முணுமுணுத்தபடி கீரை ஆய்ந்தாள். "யாரு பாடுனதுடி இது, நல்லா இருக்குதே?" என்று என்னையே கேட்டாள். நான் சொன்னேன். "அட, அந்தப் பொண்ணா? ஒரு நாள் சாப்பிடக் கூட்டியா!" என்றாள். பாட்டு ஓடியதற்கு என் காதும் ஒரு காரணம் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கோடை விழாவுக்கு மலை மேல் மேடை போட்டார்கள். நாய்க் கண்காட்சிக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் வேலூர் இசைக்குழுவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. மைதானத்தில் மலைக் கிராமத்து ஆட்கள், கீழேயிருந்து கார்களில் வந்த குடும்பங்கள், பரிசு வாங்கக் காத்திருந்த ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும். நான் ஓரமாகத்தான் நின்றேன். உள்ளதைச் சொன்னால், ஒரு இடத்திலாவது அவள் தடுமாற வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன். மைக் கரகரக்கட்டும், ஒரு வரியாவது மறக்கட்டும்.

அவள் தடுமாறவில்லை. மருந்து ஜன்னலில் நிற்பதுபோலவே நின்றாள், அதே காட்டன் சுடிதார். அந்தப் பாட்டு தொடங்கியதும் மைதானமே கூடப் பாடியது. பல்லவி, முதல் சரணம், மறுபடி பல்லவி. அதோடு முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. கிடார் மெதுவானது. அவள் எடுத்துவிட்ட அந்தச் சரணத்தைப் பாட ஆரம்பித்தாள்.

கூட்டம் அடங்கிப்போயிற்று. யாருக்கும் அந்த வரிகள் தெரியாது. பஸ், ஜன்னல் கம்பி, தூங்கும் பெண். என் வாய் தானாகப் பாடிக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் திரும்பிப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

"இது பாட்டுல இல்லியேக்கா," என்றாள். "உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

அவள் கேட்ட விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். பதில் சொல்லாமல் சிரித்தேன். நெடுநாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்பக் கிடைத்தது.

முடிந்ததும் அவள் மேடைக்குப் பின்னாலிருந்து நேராக என்னிடம் வந்தாள். வியர்த்திருந்தாள்.

"நீ பாடுனியே, பாத்தேன்," என்றாள். "அந்தச் சரணம் நான் எழுதுனதுடி. மத்ததெல்லாம் அவன் எழுதுனது, அது மட்டும் நான்."

பாடுவது போதாதென்று எழுதவும் செய்கிறாளா என்பதுதான் முதலில் தோன்றியது. நான் எடுக்கச் சொன்னது அவளுடைய வரிகளை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா நல்லா இருக்குதுன்னு சொல்லியிருப்ப."

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு இப்போதும் அதே எண்ணம்தான். "போன்ல கேக்கறதுக்கு அது அதிகம்தான்," என்றேன். "மேடையில சரியா இருக்குது."

அவள் என்னை முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். "இத்தத்தான் அவங்க ஒருத்தனும் சொல்ல மாட்டேன்றான்," என்றாள். என் வயிற்றெரிச்சல் அப்போதும் முழுதாக அணையவில்லை. ஆனால் அன்றைக்குச் சொன்னது என் காதுதான் என்பது மட்டும் எனக்கு உறுதியாயிற்று.

அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் சென்னைக்குப் போய்விட்டாள். மருந்து ஜன்னலில் இப்போது இருப்பவர் நல்ல மனிதர். பாட்டே கேட்க மாட்டார். சென்னையில் அவள் பாடும் இடங்களின் படங்களை அனுப்புவாள். நீல விளக்கு, புகை, தலைக்கு மேலே தூக்கிய கைகள். நான் பார்த்துவிட்டு ஒரு இதயம் போடுவேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன்.

போன வாரம் வாணியம்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு புதுக் குழு பாடியது. இரண்டு பெண்களும் ஒரு கீபோர்டுக்காரனும். பந்தி மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாடினார்கள். கேட்க வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். தனியாகத்தான் போயிருந்தேன், முன்வரிசையில் நின்றேன். அதில் குட்டைமுடிக்காரி பாடிய ஒரு பாட்டு அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் அதை அவர்கள் எங்கும் வெளியிடவில்லை.

நேற்று சென்னையிலிருந்து கேட்டிருந்தாள்: "புச்சா ஏதாவது கெடச்சிதாடி?"

இன்னும் பதில் போடவில்லை. வருகிற ஞாயிறு அந்தப் புதுக் குழு திருப்பத்தூரில் பாடுகிறது. போய் இன்னொரு தடவை கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்.