தண்ணீர் குடிக்காமல் செய்த வேலை

பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் ஒரு அரிசி மில்லுக்கு மேலே இருந்த மாடிதான் எங்கள் ஸ்டுடியோ. குழந்தைப் பாட்டுகளுக்கு அனிமேஷன் செய்து துபாயில் இருந்த ஒரு கம்பெனிக்கு அனுப்புவோம். ஆடுகிற யானை, பல் தேய்க்கிற பூனை, இந்த மாதிரி. பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த எனக்கு அதுதான் முதல் வேலை. அம்மா கொழுந்து கிள்ளுகிறவள். "மழையில நனையாம, அட்டை கடிக்காம உக்காந்து பாக்குற வேலை" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மாடியில் கழிப்பறை கிடையாது. மில்லை ஒட்டி இருந்த எங்கள் முதலாளி வீட்டின் பின்பக்கம் ஒன்று இருந்தது. கீழே இறங்கி, மூட்டை தூக்குகிற ஆட்களைத் தாண்டிப் போய், சமையல்கட்டு வாசலில் நின்று சாவி கேட்க வேண்டும். முதலாளியின் மனைவி ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் கைவேலையை விட்டு எழும்போது ஒரு பெருமூச்சு விடுவார். அதற்குப் பயந்தே பாதி நேரம் அடக்கிக்கொள்வோம்.

பிறகு கம்ப்யூட்டர்களில் ஒரு கண்காணிப்பு ஏற்பாடு வந்தது. மவுஸ் சற்று நேரம் அசையாவிட்டால் முதலாளியின் திரையில் நம் பெயர் சிவப்பாகிவிடும். துபாய்க்காரர்கள் என்ன கேட்டாலும் அவர் சரி என்பார். பாதி முடிந்த பாட்டை முதலிலிருந்து மாற்றச் சொன்னாலும் அதே தேதிக்குத் தருவதாக ஒப்புக்கொள்வார். ஆண்கள் மில்லின் பின்சுவரோரம் போய்விட்டு ஓடி வந்துவிடுவார்கள். பெண்கள் நாங்கள் இருவர்தான். வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம்.

மற்றவள் பக்கத்து ஊரான கொழிஞ்சாம்பாறைக்காரி. என்னைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பொம்மைகளுக்குள் எலும்பு பொருத்திக் கைகால் அசைய வைப்பது அவள் வேலை. ஒருநாள் காலையில் வந்ததிலிருந்தே நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏசியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு கண்ணு."

ஏசி அன்று ஓடவே இல்லை. தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. முதலாளியைக் கூட்டி வந்தேன்.

"அட, காச்சலுங்களா? ஊட்டுக்குப் போங்க அம்மிணி. அந்தப் பூனைக் கைய மட்டும் முடிச்சுக் குடுத்துருங்க, சாயங்காலம் அனுப்போணும். உங்கள உட்டா யாருக்குங்க அது தெரியும்?"

அவர் குரலில் கோபமில்லை. கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே அந்தக் கையை முடித்தாள். இறங்கும்போது படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்துப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார் டாக்டர். "வெள்ளம் குடிக்காறில்லே?" தண்ணீரே குடிப்பதில்லையா என்று மலையாளத்தில் கேட்டார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் முதலாளியிடம், மாடியிலேயே ஒரு கழிப்பறை கட்டித் தரச் சொன்னேன்.

"கேட்டாச் சாவி தரமாட்டோம்னா சொன்னோம்? வாயத் தொறந்து கேட்டாத்தானுங்க தெரியும்?"

"கேக்க எந்திரிச்சாலே உங்க ஸ்கிரீன்ல செவப்பாகுதே சார்."

"அது துபாய்க்காரங்க வெக்கச் சொன்னதுங்க. நா என்ன பண்ணட்டும்?" என்று மட்டும் சொன்னார்.

அக்கா தேறித் திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "ஒடம்பு நல்லா தேறட்டுங்க, அப்பறம் கூப்படறனுங்க" என்றார் முதலாளி. கூப்பிடவே இல்லை. படிக்கட்டுக்கு அடியில், தகரக் கதவோடு ஒரு கழிப்பறை மட்டும் கட்டினார். மூட்டைக்காரர்கள் பீடி குடிக்கிற இடத்துக்கு நேர் எதிரே அந்தக் கதவு. நான் அடக்கவே முடியாதபோது மட்டும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போய் வந்தேன். அந்த மழைக்காலத்தில் எனக்கும் எரிச்சலும் வலியும் தொடங்கியபோது, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

நடந்ததைச் சொன்னதும் அம்மா அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். "நாங்கதான் வேற வழியில்லாம தேயிலைக்குள்ள ஒதுங்குறோம். கட்டடத்துக்குள்ள உக்காந்திருந்தவளுக்குமாடி இந்தக் கதி?" என்றாள்.

இப்போது குமுளியில் ஒரு கடையில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறேன். அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறால் வந்த கால்வீக்கம் இன்னும் வடியவில்லை, பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். போன வாரம் பேசினாள். "அங்க ஏதாச்சும் வேல இருந்தாச் சொல்லு கண்ணு. எதா இருந்தாலும் செரி" என்றாள்.

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர்.